பெட்டிக்குள்ள நம்ம நிறம் இல்லை

(ஓவியம் பழகத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்குமாக நடந்த இரண்டு நாள் பட்டறையில், முதல் நாள் மாலை பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலேர்ந்து தலித் அழகியல், எதிர் அழகியல் என்று நிறையப் பேசியாகிவிட்டது. எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு அவ்வளவு பெரிசு இல்லை. படம் போடத் தொடங்குறவங்க என்ன கலர் வாங்குறது, என்ன பிரஷ் வாங்குறது, எது மேல வரையறது. அவ்வளவுதான். நான் சுவர் எழுதிப் பிழைத்தவன். கடைப் பலகை, கட்சிச் சுவர், லாரிக்குப் பின்னால மயில், எல்லாம் எழுதியிருக்கேன். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து எங்க தொழிலை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அதனால கோட்பாட்டை அறிஞர்கள் பார்த்துக்கட்டும், நான் டப்பாவைத் திறந்து பேசுறேன்.

மதியம் ஒரு மாணவர் துண்டுச் சீட்டில் கேட்டிருந்தார்: "ஓவியம் தொடங்க எவ்வளவு முதல் போடணும்?" முதல் என்று எழுதியிருக்கிறார், மளிகைக் கடை வைக்கிற மாதிரி. கேள்வியில் தப்பில்லை. இந்தக் கேள்விக்குப் பயந்தே நம்ம பிள்ளைங்க பாதிப் பேர் பென்சிலோட நின்னுடுறாங்க. ஓவியம் சொல்லிக்கொடுக்கிற ஓரிடத்தில் நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். பன்னிரண்டு டியூப் வாட்டர் கலர், ஆறு தினுசு பிரஷ், வெளிநாட்டுப் பேப்பர், பலகை, ஈசல். எங்கப்பாவுக்கு அன்றைக்கு இருந்த கூலியில் ஓர் அறுப்புக் காலம் முழுக்க வேலை செய்தாலும் அதை வாங்க முடியாது. பட்டியலோட வராதவங்க பின்னாடி உட்கார்ந்து மத்தவங்க வரையறதைப் பார்க்கலாம்னு சொன்னாங்க. யாரும் என்ன சாதின்னு கேட்கலை. பட்டியல் இருக்கும்போது எதுக்குக் கேட்கணும்?

அந்தப் பட்டியலில் முக்கால்வாசி ஆரம்பத்தில் தேவையே இல்லாதது என்பதை போர்டு எழுதுகிற பட்டறையில்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அங்க எல்லாரும் முதலில் கேட்கிறது ஒரே கேள்வி: இது எதுல கரையுது, எதுல ஒட்டுது?

கலர் என்று நாம் சொல்றது ரெண்டு பொருள் சேர்ந்தது. ஒண்ணு நிறத்தூள். மண்ணாக இருக்கலாம், கரியாக இருக்கலாம், ரசாயனத்தில் செய்ததாக இருக்கலாம். இன்னொண்ணு அந்தத் தூளை ஒட்ட வைக்கிற பசை. பசை வேலம்பிசின் வகையாக இருந்தால் வாட்டர் கலர், போஸ்டர் கலர். ஆளிவிதை எண்ணெயாக இருந்தால் ஆயில் கலர். பிளாஸ்டிக் பாலாக இருந்தால் அக்ரிலிக். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற எமல்ஷனும் ஏறக்குறைய அந்தக் குடும்பம்தான். தூள் ஒரே தூள். பதினெட்டு விதமாக விலை போட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து மிரளாதீங்க.

பழக ஆரம்பிக்கிறவங்களுக்கு போஸ்டர் கலர் போதும். தண்ணீர் பட்டால் கரையும், அதனால் வெளியே வைக்க முடியாது, ஆனால் கை பழக அதைவிட மலிவானது கிடையாது. துணியிலயும் பலகையிலயும் நிரந்தரமா போடணும்னா அக்ரிலிக். ஆயில் கலரைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்க. அது மட்டமானது என்பதற்காகச் சொல்லலை. ஒரே அறை வீடு, அதுலயே சமையல், அதுலயே கைக்குழந்தை தூங்குது. அங்க டர்பன்டைன் டப்பாவைத் திறந்து வைக்க முடியாது. ஆயில் காய நாள் கணக்கில் ஆகும், காயும் வரை படத்தை எங்க வைப்பீங்க? ஓவியப் புத்தகம் எழுதுறவங்க எல்லாருக்கும் தனியா ஒரு அறை இருக்கு போல. இந்தச் சிக்கலை அவங்க யாரும் எழுதி நான் படிச்சதில்லை.

டியூப் வாங்கும்போது பின்பக்கம் பொடி எழுத்தைப் படிங்க. பி.பி. 29 என்றிருந்தால் அல்ட்ராமெரைன் நீலம். பி.ஆர். 101 என்றால் சிவப்பு இரும்பு ஆக்சைடு, நம்ம ரெட் ஆக்சைடு. பி.டபிள்யூ. 6 டைட்டானியம் வெள்ளை. பேருக்குப் பக்கத்தில் 'ஹியூ' என்று போட்டிருந்தால், அந்தப் பேருக்குரிய அசல் தூள் இல்லை, அதே மாதிரி தெரியுற வேற தூள் என்று அர்த்தம். மாணவர் தரம் என்று விற்பதில் தூள் கம்மி, நிரப்பு மாவு ஜாஸ்தி. பழக அது தாராளமாகப் போதும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். எத்தனை கலர் வாங்குறது? இருபத்து நாலு கலர் பெட்டி வாங்காதீங்க. வெள்ளை, அல்ட்ராமெரைன் நீலம், மஞ்சள் ஓக்கர், ரெட் ஆக்சைடு, பர்ன்ட் அம்பர், பளிச்சென்று ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. ஏழு. கறுப்பு முதல் ஆறு மாசத்துக்கு வேண்டாம். பெரிய பெட்டியை ஏன் வேண்டாம்கிறேன்னா, அதில் ஒரு டியூப் இருக்கும். 'ப்ளெஷ் டின்ட்' என்று பேர் போட்டிருக்கும். சதை நிறம். குழந்தைகள் கிரேயானில் அதையே 'ஸ்கின் கலர்' என்பார்கள். திறந்து பார்த்தால் வெளிறின ரோஸ். இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற யார் தோலாவது அந்த நிறத்தில் இருக்கா? அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனிக்காரன் 'ப்ளெஷ்' என்கிற பேரை 1962லேயே எடுத்துவிட்டு 'பீச்' என்று மாற்றிக்கொண்டான். கறுப்பு மக்களின் சிவில் உரிமைப் போராட்டம் தெருவில் நடந்துகொண்டிருந்த நேரம் அது. நம்ம ஊரில் முக்கால்வாசிப் பேர் கறுப்பு, மாநிறம். இங்க இன்னும் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை அம்மாவை வரைந்துவிட்டு ரோஸ் கிரேயானைத் தேடுது.

இது பெட்டியில் மட்டும் இருக்கிற கோளாறு இல்லை. ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்து சாமி படங்களைக் கல்லச்சில் அடித்துத் தள்ளினார். அதற்குப் பிறகு காலண்டர் காலண்டராக தேவர்கள் செவப்பு, அசுரர்கள் கறுப்பு. நூறு வருஷமாக நம்ம வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியது அதைத்தான். கண் அதுக்குப் பழகிப் போச்சு.

எனக்கு அதிகமாக வந்த வேலைகளில் ஒன்று நினைவஞ்சலிப் படம். கலவரத்தில் செத்தவர், விபத்தில் செத்தவர், அறுபது வயசு பாட்டி. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்துட்டு, வீட்டு அம்மா தயங்கித் தயங்கிச் சொல்லும்: "தம்பி, கொஞ்சம் செவப்பாப் போட்டுடுப்பா." பிள்ளையைப் பறிகொடுத்து நிக்கிற தாய்கிட்ட நான் கறுப்பின் அரசியலைப் பிரசங்கம் பண்ண முடியுமா? பண்ணக் கூடாது. ஆனா செவப்பாவும் போடலை. நான் செய்தது பின்புலத்தை மாற்றியதுதான். வெள்ளை, இளநீலம் என்று வெளிறின பின்புலத்தில் கறுப்புத் தோலை வைத்தால் முகம் ஒரு ஓட்டை மாதிரி விழுந்துடும். கண்ணு, மூக்கு எதுவும் தெரியாது. ஸ்டூடியோக்காரங்க எல்லாரும் அந்தப் பின்புலத்தைத்தான் வைப்பாங்க, அதான் நம்ம போட்டோ எல்லாம் அப்படி இருக்கு. அதே முகத்தைச் செம்மண் நிறத்திலோ, ஆழ்ந்த நீலத்திலோ வைங்க. தோலே வெளிச்சம் போட்டு எழுந்து வரும். படத்தைப் பார்த்துட்டு அந்த அம்மா "என் புள்ளை மாதிரியே இருக்கான்"னு அழுதுச்சு. கறுப்பா இருக்கானேன்னு சொல்லலை.

தோலைக் கலக்குறது எப்படின்னு கேட்பீங்க. பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமெரைனும் கலந்தால் கறுப்பைவிட ஆழமான ஒரு இருட்டு வரும், உயிரோட இருக்கும். அதுதான் நிழல் பக்கம். அம்பர் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் சூடான கறுப்பு, நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த கறுப்பு. நடுப் பகுதிக்கு ரெட் ஆக்சைடும் ஓக்கரும். வெயிலில் வேலை செய்கிறவர் உடம்பை நல்லா பாருங்க. நெற்றி, கன்னத்து எலும்பு, தோள்பட்டை, வானத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிற இடமெல்லாம் நீலம் மின்னும். வியர்வை இருந்தால் இன்னும் ஜாஸ்தி. தாடைக்குக் கீழ, கைக்கு அடியில செம்மண் தரையிலேர்ந்து வெளிச்சம் எகிறி செம்பு மாதிரி தெரியும். வெளுத்த தோலில் இவ்வளவு விளையாட்டு கிடையாது. கறுப்பு டியூபைப் பிதுக்கி வெள்ளை சேர்த்தீங்கன்னா வர்றது சாம்பல், செத்த உடம்பு. அதனால்தான் ஆறு மாசத்துக்கு வேண்டாம்னேன்.

ஓக்கரும் ரெட் ஆக்சைடும் காசு கொடுத்து வாங்கித்தான் ஆகணும்னும் இல்லை. காவிக்கல்லு, செம்மண்ணு. தண்ணியில கரைத்து, மேல நிக்கிறதை வேற பாத்திரத்துல ஊத்தி, அடியில படிகிற வண்டலைக் காய வைத்து அரைத்தால் அசல் நிறத்தூள். வெயிலும் சுண்ணாம்பும் அதை ஒண்ணும் பண்ணாது. காவின்னதும் சில தோழர்கள் முகம் சுளிக்கிறது தெரியுது. மண்ணோட நிறத்தை ஒரு கட்சிக்காரன் கொடியில் ஏத்திட்டான்னு மண்ணையே விட்டுக்கொடுத்துடுவோமா?

நீலத்தைப் பற்றித் தனியாகச் சொல்லணும். நாம அதிகம் செலவழிக்கப் போற கலர் அது. பாபாசாகேப் கோட்டு, கொடி, சக்கரம், எல்லாம் நீலம். 1942இல் அவர் தொடங்கிய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷனின் கொடி நீலம், அங்கிருந்து நமக்கு வந்தது. ஆனா எல்லா நீலமும் ஒண்ணில்லை. பிரஷ்யன் புளூ என்று ஒன்று உண்டு. கரும்பச்சை ஓட்டமா, அழகா இருக்கும். அதைச் சுண்ணாம்புச் சுவரில் அடித்தால் கொஞ்ச நாளில் பழுப்பேறிப் போகும். காரத்துக்கு அது நிக்காது. சேரியில் பாதிச் சுவர் சுண்ணாம்பு. ஏப்ரல் 14க்கு எழுதின நீலக் கோட்டு ஆடி மாசத்தில் காக்கியாக நிக்கிறதை நீங்க பார்த்திருப்பீங்க. மழையைக் குறை சொல்வாங்க. மழை காரணமில்லை, நீலம் காரணம். சுவருக்கு வாங்கினது எந்த நீலம்னு சந்தேகமா இருந்தா, ஈரச் சுண்ணாம்பில் கொஞ்சம் குழைத்து ஒரு நாள் வைத்துப் பாருங்க. நிறம் நின்னா சுவருக்குப் போடலாம்.

அல்ட்ராமெரைன் சுண்ணாம்பில் நிற்கும். அந்தத் தூளுக்கு ஒரு கதை இருக்கு. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலையில் வெட்டின லாபிஸ் கல்லை அரைத்து எடுத்தது. ஐரோப்பாவில் தங்கத்துக்கு இணையாக விலை வைத்து விற்றார்கள். கண்டவர்களுக்குப் போடமாட்டார்கள். மேரி மாதாவின் அங்கிக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள், எந்த நீலம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள். 1820களின் கடைசியில் பிரான்சில் களிமண், சோடா, கந்தகம், கரி எல்லாம் சேர்த்துச் சூளையில் செயற்கையாகச் செய்தார்கள். விலை சரிந்தது. சரிந்து சரிந்து கடைசியில் எங்க வந்து நின்னுச்சு தெரியுமா? துணிக்குப் போடுகிற நீலப் பொடியில். மாதாவின் அங்கி நீலம் வண்ணாரக் குடும்பத்துத் தொட்டிக்கு வந்தது, அடுத்தவன் வேட்டியை வெளுப்பாக் காட்டுறதுக்காக. அந்தப் பொடியில் மாவு கலந்திருக்கும், டியூப் நீலத்தின் அழுத்தம் வராது. ஆனால் சுண்ணாம்போடு குழைத்துச் சேரிச் சுவரில் அடிக்க அதுவே போதும். பொடிதான் வேணும். இப்ப பாட்டிலில் வருகிற சொட்டு நீலம் வேறு. அது சாயம், வெயிலில் ஓடிடும்.

பிரஷ்ஷுக்கு வருவோம். மயிர் பிரஷ் ரெண்டு வகை. மெத்தென்று தண்ணியை உறிஞ்சி வைத்துக்கொள்கிற முடி, அணில் முடி போல. இது வாட்டர் கலருக்கு. விறைப்பாக, கெட்டிக் கலரைத் தள்ளுகிற முடி. இது ஆயிலுக்கும் அக்ரிலிக்குக்கும். அந்த விறைப்பு முடி என்ன தெரியுமா? பன்றி மயிர். 'ஹாக் ஹேர்' என்று கைப்பிடியில் நாகரிகமாக அச்சடித்திருப்பான். பன்றி மயிரின் நுனி இயற்கையிலேயே பிளந்திருக்கும், அந்தப் பிளவில் கலர் தங்கும். நானூறு, ஐந்நூறு வருஷ ஐரோப்பிய ஓவியம் இந்த மயிரில் போட்டது. நம்ம நாட்டில் கான்பூர் இதுக்கு ஒரு பெரிய சந்தை. காட்டிக் என்கிற பட்டியல் சாதி மக்கள் பன்றி வளர்த்து, மயிரைச் சேர்த்து, அலசி, நீளம் பார்த்துக் கட்டுக் கட்டாகப் பிரித்து வெள்ளைக்காரன் காலத்திலேயே இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பன்றி வளர்க்கிறவன் என்று எட்ட நிற்க வைத்த மனிதனின் கையில் பிரிபட்ட மயிர்தான், கலைக்கூடத்தில் மாதாவுக்கு முகம் எழுதியது. கறுப்புத் தூளில் ஒரு வகை எலும்புக் கரி. செத்த மாட்டின் எலும்பைக் காற்றுப் படாமல் சுட்டு எடுப்பது. பழைய ஆயில் ஓவியங்களில் துணிக்கு முதல் பூச்சு தோல் கழிவைக் காய்ச்சிய பசை. நம்ம ஊர் தச்சர்கள் வஜ்ரம் என்பார்களே, அந்தச் சரக்கு. உலகத்து மியூசியங்களில் கண்ணாடி போட்டு, தொடாதே என்று எழுதி வைத்திருக்கிற படங்களை உள்ளே பிடித்துக்கொண்டிருப்பது நம்மைத் தொடாதே என்று சொல்ல வைத்த அதே பொருள்கள்.

இதைச் சொன்னதும் குலத்தொழிலைப் பெருமைப்படுத்துறேன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. செத்த மாட்டைத் தூக்காதே என்று அம்பேத்கர் சொன்னார், அதுதான் சரி. பன்றி மயிர் பிரஷ்தான் நம்ம பாரம்பரியம், அதையே வாங்குங்கன்னு சொல்லவும் நான் வரலை. இன்னைக்கு நைலான் பிரஷ் நல்லாவே வருது, விலையும் குறைவு, அக்ரிலிக்குக்கு அதுதான் பொருத்தம். கீரிப்பிள்ளை முடி பிரஷ் என்று யாராவது ரகசியமா கொடுத்தால் வாங்காதீங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம்.

எத்தனை வாங்குறது? மூணு. அரை அங்குலப் பட்டை ஒண்ணு, ஒரு அங்குலப் பட்டை ஒண்ணு, ஆறாம் நம்பர் உருண்டை ஒண்ணு. மெல்லிசு பிரஷ்ஷை முதலில் தொடாதீங்க. கையில் மெல்லிசு இருந்தால் கண்ணிமை முடியை எண்ணிக்கிட்டு உட்கார்ந்துடுவோம், முகத்தோட அமைப்பு வராது. சுவருக்கு நாலு அங்குலம். அதுவும் இல்லைன்னா பனை மட்டை நுனியை நசுக்கி நார் பிரித்துக்கோங்க. வெள்ளையடிக்கிறவங்க செய்ததுதான். அந்த நாரில் வருகிற கோட்டுக்கு ஒரு முரட்டு அழகு உண்டு. வேலை முடிந்ததும் பிரஷ்ஷைத் தண்ணி டம்ளரில் தலைகீழா நிற்க வைத்துட்டுப் போகாதீங்க. முடி வளையும், கட்டை ஊறும், பூண் கழன்றுடும். அக்ரிலிக்கை உடனே சோப்புப் போட்டுக் கழுவணும், காய்ந்தால் பிரஷ் குச்சிதான். இன்னொண்ணு, நுனியைக் கூராக்க வாயில் வைத்துச் சப்புவது எங்க ஆட்களிடம் உள்ள பழக்கம். விட்டுடுங்க. பழைய எனாமலில், முக்கியமா மஞ்சளில், ஈயம் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவுக்கு இந்தியாவில் கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி எத்தனை பேர் எவ்வளவு சப்பினாங்களோ.

எது மேல வரையறது? கேன்வாஸ் இல்லைன்னு யாரும் உட்கார்ந்துடக் கூடாது. 1943 வங்கப் பஞ்சத்தில் கல்கத்தாத் தெருவில் ஜனங்கள் செத்து விழுந்தபோது ஜைனுல் ஆபெதீன் வரைந்தது மலிவான பொட்டலக் காகிதத்தில், கறுப்பு மையும் பிரஷ்ஷும் வைத்து. அந்தப் பழுப்புக் காகிதமே தெருப் புழுதியாகி, கறுப்பு மை எலும்பாகி நின்றது. அதே பஞ்சத்தைச் சித்தபிரசாத் ஊர் ஊராக நடந்து வரைந்தார். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து, சாதிப் பேரைத் தூக்கியெறிந்தவர். அவர் போட்ட பஞ்சப் புத்தகத்தை வெள்ளை அரசு பறித்துக் கொளுத்தியது. அவர் லினோலியத்தில் செதுக்கியும் அச்செடுத்தார். ஒரு தடவை செதுக்கினால் நூறு பேருக்குக் கொடுக்கலாம். செருப்புக்குப் போடுகிற ரப்பர் ஷீட்டிலும் அதைச் செய்யலாம், நாளைக்குச் செய்து பார்ப்போம். அமெரிக்காவில் கறுஞ்சிறுத்தைகளின் பத்திரிகைக்கு எமரி டக்ளஸ் படம் போட்டபோது அச்சுக்குக் காசு கிடையாது. கறுப்போடு இன்னொரே ஒரு கலர், அதற்கேற்றபடி தடித்த கோடு. அந்தத் தடித்த கோட்டைத்தான் இன்றைக்கு அவர் பாணி என்று கொண்டாடுகிறார்கள்.

பீகாரில் மதுபனி ஓவியம் தெரியும். 1966-67 வறட்சியில் வருமானத்துக்காகப் பெண்களுக்குக் காகிதம் கொடுத்து, சுவரில் போடுவதை அதில் போடச் சொன்னார்கள். முதலில் பேர் வாங்கியது பார்ப்பன, காயஸ்தப் பெண்கள். பிறகு ஜித்வார்பூரில் துசாத் சாதிப் பெண்கள், சானோ தேவி போன்றவர்கள், அந்தப் புராணப் படங்களைக் காப்பியடிக்கவில்லை. தங்கள் உடம்பில் குத்திக்கொள்கிற பச்சைக் கோலங்களை எடுத்தார்கள், தங்கள் வீரன் சல்ஹேசின் கதையை எடுத்தார்கள். காகிதத்துக்குச் சாணிக் கரைசலைப் பூசினார்கள். வெள்ளைக் காகிதம் மண் சுவர் நிறத்துக்கு வந்தது. கையில் இருந்ததைக் கொண்டு தளத்தையே மாற்றியிருக்கிறார்கள் பாருங்க.

நம்ம வழக்கத்துக்கு நான் சொல்றது காடாத் துணி. கஞ்சி போகத் துவைத்துச் சட்டத்தில் இழுத்து ஆணியடிங்க. ஃபெவிகாலில் தண்ணி கலந்து முதல் பூச்சு. காய்ந்ததும் ஃபெவிகாலோடு சாக்குத் தூளும் வெள்ளை எமல்ஷனும் சேர்த்து ரெண்டு பூச்சு, நடுவில் உப்புத்தாள் தேய்க்கணும். கடைக் கேன்வாஸுக்குக் கொடுக்கிற காசில் ஐந்தாறு செய்யலாம். ஆயில் கலரைப் பூச்சு இல்லாத துணியில் நேரே போட்டால் எண்ணெய் துணியைத் தின்னும், வருஷம் போனால் அப்பளமா உடையும். ஹார்டுபோர்டு என்றால் ரெண்டு பக்கமும் பூசுங்க, இல்லைன்னா ஒரு பக்கமா வளையும். சாராய அட்டைப் பெட்டி சீக்கிரம் பழுப்பாகும், பழக மட்டும் வைத்துக்கோங்க. ஃப்ளெக்ஸின் பின்பக்கம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கேட்பீங்க. சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாள் தேய்த்து அக்ரிலிக் போடலாம், சுருட்டக் கூடாது. எனாமல் போட்டால் பிசுபிசுப்பு போகாது. எங்க வயித்தில் அடித்தது, அது மேலேயே எழுதுறதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், அவ்வளவுதான்.

கடைசியாகச் சுவர். சுவர் என்றால் நமக்கு வெறும் தளம் கிடையாது. உத்தபுரத்தில் 1989இல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் ஆனது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி ஒரு சுவர் இடிந்து விழுந்து நம் மக்கள் 17 பேர் செத்தார்கள். எந்தச் சுவரில் யார் எழுதலாம் என்பது ஊருக்கு ஊர் கலவரமாகிற விஷயம். ஆகவே ஆர்வத்தில் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு ராத்திரி போகாதீங்க. 1959ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது, சுவர், பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கிற சட்டம். மத்தவன் எழுதினால் கண்ணை மூடிக்கும், நாம எழுதினால் கண்ணைத் திறக்கும். சுவர் சொந்தக்காரரிடம் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கோங்க. வாங்குகிற வேலையை உள்ளூர்த் தோழர்கள் பார்க்கணும், வரைகிற பிள்ளை தலையில் கட்டக் கூடாது.

சுவரைத் தட்டிப் பாருங்க. பொத்துப் பொத்தென்று சத்தம் வந்தால் பூச்சு விட்டிருக்கு, அங்க எழுதினால் படத்தோடு பெயர்ந்து வரும். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டினால் பழைய சுண்ணாம்பு, சுரண்டிவிட்டு பிரைமர் அடிக்கணும். புதுசாகப் பூசின சிமெண்டு என்றால் ஒரு மாசமாவது விடுங்க. ஈரமும் காரமும் உள்ளே இருக்கும்போது எனாமல் அடித்தால் செதில் செதிலாக உரியும். கலருக்குச் சின்னச் சின்ன டப்பா வாங்கி நஷ்டப்படாதீங்க. வெளிச்சுவர் எமல்ஷன் வெள்ளை ஒரு டின், ஸ்டெய்னர் பாட்டில் நீலம், மஞ்சள், ரெட் ஆக்சைடு, கறுப்பு. தேங்காய்ச் சிரட்டையில் கலந்துக்கோங்க. கறுப்பு வாங்கச் சொல்றேனேன்னு பார்க்காதீங்க, எழுத்துக்கு வேணும், தோலுக்கு இல்லை. ஃபெவிகாலில் பவுடர் குழைத்து வெளிச்சுவரில் போடுவது வீண், முதல் மழைக்கே கரைந்திடும்.

நாளைக் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் தொடங்குறோம். தலைமையாசிரியரிடம் அனுமதிக் கடிதம் வாங்கியாச்சு. வடக்குப் பக்கம் ரெண்டு இடத்தில் பூச்சு விட்டிருக்கு, முதலில் அதைச் சுரண்டணும். ஆளுக்கொரு சிரட்டை, ஒரு பழைய துணி கொண்டு வாங்க. கண்ணாடியும் ஒண்ணு கொண்டு வாங்க, சின்னதா இருந்தாலும் போதும். முதல் ஒரு மணி நேரம் அவங்கவங்க முகத்தைப் பார்த்து, அவங்கவங்க தோல் நிறத்தைக் கலந்து, அட்டையில் ஒரு பட்டை அடிச்சு பக்கத்துல பேரை எழுதப் போறோம். அதுக்கப்புறம்தான் சுவரைத் தொடணும்.